கண்ணால் பார்க்காத கிரகத்தை எப்படி உறுதி செய்தார்கள்? நம்ம கடற்கரையில் அந்த நட்சத்திரம் தெரியுமா?

தக்கலை_அப்பா:
எட்டாவது படிக்கிற மகள் பிராக்சிமா சென்டாரி என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தைப் பற்றிப் படித்துவிட்டு, "யாருமே பார்க்காம அங்க இருக்குன்னு எப்படிப்பா சொல்றாங்க?" என்று பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன். அப்புறம், நம்ம பக்கம் கடற்கரையில் நின்றால் அந்த நட்சத்திரம் தெரியுமா?

நாகர்கோவில்_இயற்பியல்:
நட்சத்திரம் கிரகத்தை இழுப்பதுபோல கிரகமும் நட்சத்திரத்தை இழுக்கும் அண்ணா. அதனால் நட்சத்திரம் நம்மை நோக்கிக் கொஞ்சம் வரும், கொஞ்சம் விலகும். வரும்போது அதன் ஒளியை நிறம்பிரித்துப் பார்த்தால் தெரியும் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். 1995இல் மேயர், கெலோ என்ற வானியலாளர்கள் 51 பெகாசி பி என்ற கிரகத்தைக் கண்டதும் இப்படித்தான், அதற்கு 2019இல் நோபல் கிடைத்தது. பிராக்சிமாவின் ஆட்டம் நொடிக்கு சுமார் 1.4 மீட்டர்தான், நாம் சாயங்காலம் நடக்கிற வேகம். 4.24 ஒளியாண்டு தள்ளி இருப்பதை இவ்வளவு நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது. சிலி நாட்டு லா சில்லா வானாய்வகத்தில் உள்ள, ஒளியை நிறம்பிரித்து அளக்கும் ஹார்ப்ஸ் கருவியின் அளவீடுகளில் 11.2 நாளுக்கு ஒருமுறை அதே ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப வந்தது. கிரகம் ஒரு சுற்று சுற்றிவர ஆகும் நேரம்தான் அது. 2016 ஆகஸ்டில் அறிவித்தார்கள்.

மணக்குடி_வானம்:
பிராக்சிமா வெறும் கண்ணுக்குத் தெரியாது, ரொம்ப மங்கல். ஆனால் அதன் பக்கத்திலேயே இருக்கும் ஆல்ஃபா சென்டாரி என்ற நட்சத்திரம் நமக்கு நன்றாகத் தெரியும், சென்னைக்காரர்களைவிட நமக்கு இன்னும் உயரத்தில். மார்ச் தொடக்கத்தில் அதிகாலை நாலரை வாக்கில் மணக்குடி, ராஜாக்கமங்கலம் துறை மாதிரி வெளிச்சம் குறைந்த இடத்தில் கடலைப் பார்த்து நில்லுங்கள். கையை நீட்டி முஷ்டி மேல் முஷ்டி வைத்தால் வரும் உயரத்தில், நேர் தெற்கே பளிச்சென்று நிற்கும். வலது பக்கம் பீட்டா சென்டாரி நட்சத்திரம், அதையும் தாண்டித் தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம். ஜூனுக்கு விட்டுவிடாதீர்கள், மழை மேகம் மறைத்துவிடும்.

தக்கலை_அப்பா:
ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். அங்கே உயிர் இருக்குமா என்பதுதான் அவளுடைய அடுத்த கேள்வி.

நாகர்கோவில்_இயற்பியல்:
தண்ணீர் திரவமாக இருக்கக்கூடிய தூரத்தில்தான் சுற்றுகிறது, அது உண்மை. ஆனால் அந்தச் சிவப்புக் குள்ள நட்சத்திரம் அடிக்கடி சீறி எக்ஸ் கதிரைக் கொட்டும், கிரகமோ அதற்கு 75 லட்சம் கி.மீ.க்கும் கிட்டத்தில். காற்று மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம். இந்த முறையில் கிடைப்பது குறைந்தபட்ச நிறை மட்டும்தான், பூமியைவிடச் சற்றே அதிகம். "இரண்டாவது பூமி" என்று தலைப்புப் போடுகிறவர்களை நம்பி அவளிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள் அண்ணா.