டெமரேஜுக்குத் ‘தாமதக் கட்டணம்’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் செல்லும் கப்பலுக்கான மாதிரி ஒப்பந்த வரைவைப் பார்த்தேன். டெமரேஜ் (கப்பலை அமர்த்தியவர் பேசிய நேரத்துக்குள் சரக்கை ஏற்றி இறக்காவிட்டால் கப்பல்காரருக்குக் கட்டும் தொகை) வரும் இடத்திலெல்லாம் ‘தாமதக் கட்டணம்’ என்று போட்டிருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

தாமதக் கட்டணம் என்றால் தாமதித்தவர் கட்டுவது என்றுதானே பொருள்? ராயபுரத்தில் ஒரு சங்கத் தலைவர் இதைப் படித்தால், ‘சரி, கப்பல் பிந்தி வந்தால் கப்பல்காரர் நமக்குத் தருவார்’ என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார். நடப்பது நேர் எதிர். கப்பல் வேளைக்கு வந்து நிற்கும். பேசிய நேரத்துக்குள் நாம் சரக்கை இறக்கி முடிக்காவிட்டால் நாள் கணக்கில் நாம்தான் கட்ட வேண்டும்.

தீவு விஷயத்தில் இது சின்னத் தொகையாக நிற்காது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர், கப்பலுக்கு மூன்று நாள் ஓட்டம். கார் நிக்கோபார் அதற்கும் தெற்கே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நிக்கோபார் பக்கம் ஜெட்டிகள் (கப்பல் அணையும் மேடைகள்) உடைந்து போயின. ஜெட்டி இல்லாவிட்டால் கப்பல் வெளியே நங்கூரம் போடும். அரிசி மூட்டையைச் சிறு படகுக்கு மாற்றி, அலை தணிகிற நேரம் பார்த்துக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். (துறைமுகம் கட்டுவதற்கு முன் நம் மதராஸிலும் இதே கதைதான். கயிற்றால் பலகை தைத்த மசூலா படகில்தான் சரக்கு கரையேறியது.) இவ்வளவு நேரமும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேசிய நேரம் தீரும்வரை மழை, புயல், ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கம். நேரம் தீர்ந்து டெமரேஜ் தொடங்கிவிட்டால், தனியாக எழுதி வைத்திருந்தாலொழிய அந்தக் கழிவு கிடையாது. கொட்டுகிற மழையிலும் காசு ஏறும்.

அபராதம், தண்டம் என்ற சொற்களும் சரிப்படாது. இது தண்டனை இல்லை, கப்பலைப் பிடித்து வைத்ததற்கு முன்கூட்டியே பேசி வைத்த ஈடு. என் யோசனை: காக்கவைப்புக் கட்டணம். யார் யாரைக் காக்க வைத்தார் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

லிங்கிச் செட்டித் தெருவிலிருந்து

———

ஐயா, வணக்கம்.

நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் ‘காக்கவைப்பு’ வாயில் உருளவில்லை. மணலி ரோட்டில் டிரெய்லரை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் டிரைவரைக் கேட்டால் ‘ஹால்டிங்’ என்பார். ஷெட்டில் பில் போடுவதும் அந்தப் பெயரில்தான். அதை ஒட்டி ‘நிறுத்தக் கட்டணம்’ என்று வைக்கலாமா என்று முதலில் நினைத்தேன். பைக் ஸ்டாண்டு டோக்கன் ஞாபகம் வந்ததும் விட்டுவிட்டேன். ‘காத்திருப்புக் கட்டணம்’ போதாதா? ஆட்டோவில் வெயிட்டிங் கொடுத்தவர் எல்லாருக்கும் புரியும். சவாரி செய்பவர்தான் கட்டுவார் என்பதும் தெரியும்.

வரைவில் அதைவிட மோசமான சொல் ஒன்று இருக்கிறது. லேடைமுக்கு (சரக்கை ஏற்றி இறக்க ஒப்பந்தத்தில் பேசிய நேரம்) ‘சலுகை நேரம்’ என்று போட்டிருக்கிறார்கள். சலுகை எங்கிருந்து வந்தது? அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தானே கப்பல் கூலி கொடுக்கிறோம்! சலுகை என்று எழுதினால், குறைத்துக் கொடுத்தாலும் கேட்க வாய் வராது. ‘ஏற்றிறக்கு நேரம்’ என்று வையுங்கள்.

காசிமேட்டிலிருந்து

———

காத்திருப்புக் கட்டணம், ஏற்றிறக்கு நேரம் இரண்டுக்கும் எனக்குச் சம்மதம். ஆட்டோ வெயிட்டிங் எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

ஒரு திருத்தம் மட்டும். ஏற்றிறக்கு நேரம் எப்போது ஓடத் தொடங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கப்பல் வந்ததும் தொடங்காது. ‘சரக்கு இறக்கத் தயார்’ என்று கேப்டன் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஜென்கான் 1994 என்ற கப்பல் ஒப்பந்த மாதிரிப் படிவத்தின்படி, பகல் 12 மணிக்குள் கொடுத்தால் 1 மணிக்குத் தொடங்கும். அதற்குப் பிறகு அலுவல் நேரத்தில் கொடுத்தால் மறு வேலைநாள் காலை 6 மணிக்கு. அந்தத் தாளைத் ‘தயார் அறிவிப்பு’ என்று எழுதுகிறேன்.

அப்புறம், சொல் சரியானாலும் ஷரத்து சரியாகிவிடாது. ஜெட்டி உடைந்து படகில் இறக்கும் நேரத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கப் பார்க்கிறேன். கப்பல்காரர் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டார், பேரம் பேசுவார். பேசட்டும். புயல் வந்த பிறகு பேசினால் அவர் சொன்னதுதான் விலை, அதனால் ஐப்பசிக்குள் முடித்துவிட வேண்டும். வரைவை இந்த வாரம் திருத்தி அனுப்புகிறேன்.

லிங்கிச் செட்டித் தெருவிலிருந்து