எல்லாக் குழந்தைகளுக்குமான விளையாட்டுத் திடல்: முதல் செலவு எதற்கு?

கேள்வி (திடல் சீரமைப்புக் குழு உறுப்பினர்)

பொது விளையாட்டுத் திடல் ஒன்றைப் புதுப்பிக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். சக்கர நாற்காலியோடு ஏற்றி ஆட்டக்கூடிய ஊஞ்சல் ஒன்றை வாங்கி, மூலையில் தனியே வேலியிட்டு நிறுத்திவிடலாம் என்று பெரும்பாலான உறுப்பினர்கள் கருதுகிறார்கள். கையிலிருக்கும் தொகையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும் என்பதால், அதுதான் சரியான தொடக்கமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்)

ஐயா, முதல் செலவைத் தரைக்குச் செய்யுங்கள். சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. மணலிலோ சரளையிலோ இறங்கியதும் அவை புதைந்துவிடும், பின்னால் நிற்பவர் நாற்காலியின் முன்பக்கத்தைத் தூக்கித் தூக்கித்தான் நகர்த்த வேண்டியிருக்கும். வாயிலிலிருந்து விளையாட்டுச் சாதனங்கள் வரை கெட்டியான, எங்கும் அறுபடாத பாதை இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஊஞ்சலும் அந்தக் குழந்தைக்கு எட்டாது. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரநிலைகள், விளையாட்டுப் பகுதியின் தரைவழிப் பாதை பொதுவாக 60 அங்குல அகலம் இருக்க வேண்டும் என்றும், ஓரடி ஏறுவதற்குக் குறைந்தது 16 அடி நீளம் விட வேண்டும் என்றும் கூறுகின்றன. சாதனங்களின் அடியில் ரப்பர் தளம் இட்டால் சக்கரமும் தடையின்றி உருளும், விழும் குழந்தைக்கும் அடி குறையும்.

நீங்கள் குறிப்பிடும் ஊஞ்சல் மிகவும் கனமானது. அது ஆடும்போது குறுக்கே வரும் குழந்தைக்குக் கடுமையான அடி படும் என்பதால்தான் அதற்கு வேலி தேவைப்படுகிறது. விளைவாக, ஒரு குழந்தை உள்ளே தனியாக ஆட, மற்றவர்கள் வெளியே நின்று பார்ப்பார்கள். பல குழந்தைகள் சேர்ந்து படுத்து ஆடும் கூடை ஊஞ்சலையும், சாதாரண ஊஞ்சல்களின் வரிசையிலேயே முதுகுத் தாங்கலும் நெஞ்சுப் பட்டையும் கொண்ட ஓர் இருக்கையையும் வையுங்கள்.

மறுமொழி 2 (பதின்வயதுப் பெண்ணின் தாய்)

மேலே கூறியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் என் மகளைப் போல வளர்ந்த, நாற்காலியிலிருந்து தூக்கி மாற்ற முடியாத பிள்ளைகளுக்குக் கூடை ஊஞ்சல் பயன்படாது. அவர்களையும் நினைத்தால், தரைமட்டத்தோடு சமமாகப் பதிக்கப்பட்ட ராட்டினமே சிறந்தது என்பேன். நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றலாம், அதே வட்டத்தில் மற்றப் பிள்ளைகளும் ஏறிச் சுற்றலாம். என் மகள் வாய்விட்டுச் சிரிப்பது அங்கேதான்.

மறுமொழி 3 (ஆட்டிசம் உள்ள சிறுவனின் தந்தை)

சக்கர நாற்காலியை மட்டும் நினைத்துத் திட்டமிட வேண்டாம். என் மகன் கண்ணிமைக்கும் நேரத்தில் சாலைக்கு ஓடிவிடுவான். வேலியை ஊஞ்சலுக்குப் போடுவதைவிடத் திடலைச் சுற்றிப் போட்டு, ஒரே வாயில் வைத்தால் எங்களைப் போன்றோர் நிம்மதியாக உட்கார முடியும். இரைச்சல் தாங்காதபோது ஒதுங்கிக்கொள்ள, திடல் கண்ணில் படும்படியான நிழலான ஒரு மூலையும் தேவை. காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைகளின் பெற்றோர், பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் உண்டாகும் நிலைமின்சாரம் கருவியைப் பாதிக்கக்கூடும் என்று அஞ்சுவதையும் கருத்தில் கொள்ளுங்கள். உலோகச் சறுக்குமரம் வாங்கினால் அது வெயிலில் கொதிக்கும், ஆகவே அதற்கு நிழல் கட்டாயம்.

கேட்டவர்

மிக்க நன்றி. தரை, சுற்றுவேலி, ராட்டினம் என்ற வரிசையில் திருத்திய திட்டத்தைக் குழுவின் முன் வைக்கிறேன். "ஒரு சிலருக்காக இத்தனை செலவா" என்ற கேள்வி அங்கே எழும். அதற்கு என்ன சொல்வது?

மறுமொழி 1 (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்)

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006), விளையாட்டில் மற்றக் குழந்தைகளுக்குச் சமமான வாய்ப்பை 30ஆம் பிரிவில் வலியுறுத்துகிறது. அதைப் படித்துக் காட்டுங்கள். கைத்தடியோடு வரும் பாட்டியும் தள்ளுவண்டியில் கைக்குழந்தையைக் கொண்டுவரும் தாயும் அதே பாதையில்தான் வருவார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் பராமரிப்பையும் சேர்த்து எழுதிவிடுங்கள்: ரப்பர் தளத்தின் விளிம்பு சற்றே பெயர்ந்து எழும்பினாலும் முன்சக்கரம் அங்கே முட்டி நின்றுவிடும்.