மழை விடாத வசந்தம்: மரபு பீன்ஸ் விதை மண்ணிலேயே அழுகுகிறது, மீதியை எப்படிக் காப்பாற்றுவது?

கொடிப்பந்தல் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு பழைய கொடி பீன்ஸ் ரகங்கள் இருக்கின்றன, ஒன்று கறுப்பு விதை, இன்னொன்று பால்வெள்ளை. வருடா வருடம் விதை எடுத்து வளர்த்துவந்த ஒருவர் கொடுத்தது. அவர் இப்போது தோட்டம் போடுவதில்லை, அதனால் இது தீர்ந்துபோனால் மறுபடி கேட்டு வாங்க ஆள் இல்லை. கடைசி உறைபனி முடிந்துவிட்டது என்று இரண்டிலும் ஒரு வரிசை விதைத்தேன், அதற்கு மறுநாளிலிருந்து குளிரும் மழையும் விடவே இல்லை. கறுப்பில் பாதிக்கு மேல் முளைத்தது. வெள்ளையில் ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. தோண்டிப் பார்த்தால் விதை கூழாகி நாறுகிறது, சிலவற்றுக்குள் சின்ன வெள்ளைப் புழு. முளைத்து வந்ததிலும் சில வெறும் தண்டாக நிற்கின்றன, நுனியில் இலையே இல்லை.

கையில் இன்னும் ஒரு பிடி விதை இருக்கிறது. இப்போதே மறுபடி விதைக்கலாமா, இல்லை காத்திருக்க வேண்டுமா, காத்திருந்தால் காய் முற்றி விதை எடுக்க நாள் போதுமா? இரவு ஊறவைத்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்கிறார்கள், இந்தக் குளிரில் அது சரிவருமா? வீட்டுக்குள் நாற்றுவிட்டு நடலாம் என்றால், பீன்ஸ் வேரைத் தொட்டாலே வாடிவிடும் என்று வேறு சொல்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மண்வாசம்:

இப்போது விதைக்காதீர்கள். உறைபனி தேதி காற்றைப் பற்றியது, விதை கிடப்பது மண்ணில். ஒரு மண் வெப்பமானி வாங்கி காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் செருகிப் பாருங்கள். தொடர்ந்து சில நாட்கள் 16 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் காட்டினால்தான் சாதாரண பீன்ஸை மண்ணில் போடலாம். மண் 15 டிகிரியில் இருந்தால் முளை வெளியே வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், 20-ல் சுமார் 11 நாள், 25-ல் எட்டு நாள். 10 டிகிரியில் முளைப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் ஈர மண்ணில் கிடக்கும் விதையைத்தான் பூஞ்சை பிடிக்கிறது.

ஆனால் அழுகலுக்குக் காரணம் பூஞ்சை மட்டும் இல்லை, அதற்கு முன்பே ஒன்று நடந்துவிடுகிறது. காய்ந்த விதை தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும் முதல் சில மணி நேரத்தில் அதன் செல் சவ்வுகள் இன்னும் ஒழுங்காகியிருக்காது. அந்த நேரத்தில் உள்ளே போகும் தண்ணீர் குளிர்ந்ததாக இருந்தால் சவ்வு சேதமாகி, விதைக்குள் இருக்கும் சர்க்கரையும் மற்ற சத்துகளும் வெளியே கசியும். பித்தியம் மாதிரி, மண்ணில் இருந்து விதையை அழுகவைக்கும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களுக்கு அதுதான் அழைப்பு. அதனால் விதைத்த பிறகு வரும் முதல் ஒரு நாள்தான் முக்கியம், அந்த ஒரு நாள் கதகதப்பாகவும் அளவான ஈரத்தோடும் கழிந்துவிட்டால் அதற்கப்புறம் கொஞ்சம் குளிர் வந்தாலும் விதை தாங்கும். மழை வரப்போகிறது என்று அதற்கு முந்தின நாள் விதைப்பது மற்றப் பயிர்களுக்குச் சரி, பீன்ஸுக்கு வேண்டாம்.

ஊறவைப்பதும் இதனாலேயே வேண்டாம். இரவு முழுக்கத் தண்ணீரில் முங்கிக் கிடந்தால் விதை வேகமாக ஊதி வித்திலைகள் விரிசல் விடும், காற்றும் கிடைக்காது. வெள்ளை விதைக்கு ஆபத்து கூடுதல். வெள்ளைத் தோல் பொதுவாகத் தண்ணீரை வேகமாக உள்ளே விடும், கறுப்பு, பழுப்பு போன்ற அடர்நிறத் தோல் மெதுவாக விடும். உங்கள் இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதனால்தான் இருக்கும்.

விதைப்பெட்டி:

தண்டு மட்டும் நிற்கிறது என்றீர்களே, அது அந்த வெள்ளைப் புழுவின் வேலை. டீலியா பிளாட்டூரா என்ற சின்ன சாம்பல் நிற ஈயின் புழு, மண்ணுக்குள்ளேயே விதையைக் குடைந்து வளர்நுனியைத் தின்றுவிடும். அந்தச் செடிகளில் சில வித்திலைக் கக்கத்திலிருந்து துளிர்க்கும், ஆனாலும் சொல்லிக்கொள்ளும்படி காய்க்காது, இடத்தை அடைக்காமல் பிடுங்கிவிடுங்கள். இந்த ஈ முட்டையிடத் தேடுவது ஈரமான, புதிதாகக் கொத்திய, மட்காத பொருள் கலந்த மண்ணை. விதைப்பதற்குச் சற்று முன்னால் பசுந்தாள் மடக்கியிருந்தாலோ, பச்சைத் தொழுவுரம் போட்டிருந்தாலோ அது நேராக இந்த ஈயைக் கூப்பிடுகிறது. நன்றாக மட்கியதை மட்டும் போடுங்கள், மடக்கிய பசுந்தாள் மட்க இரண்டு மூன்று வாரமாவது விடுங்கள்.

மீதி விதைக்கு நான் சொல்வது வீட்டுக்குள் முளைகட்டுவதுதான், அரிய விதைக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. காகிதத் துண்டை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, அதற்குள் விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டி, மூடியை லேசாகத் திறந்துவைத்த ஒரு டப்பாவில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். தினமும் பிரித்துப் பாருங்கள். வெள்ளை முனை எட்டிப் பார்த்தவுடன், அது நீளுவதற்கு முன், எடுத்துக் காகிதத் தொட்டியில் இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூடுங்கள். முளைக்காதது, கொழகொழவென்று ஆனது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும், மற்றதைக் கெடுப்பதற்கு முன் எடுத்துப் போட்டுவிடலாம்.

வேரைத் தொட்டால் வாடும் என்பது உண்மைதான், ஆனால் வேரைத் தொடவே தேவையில்லை. பத்து சென்டிமீட்டராவது ஆழமுள்ள காகிதக் குழாயாக இருந்தால் அப்படியே மண்ணுக்குள் இறக்கிவிடலாம். காகித விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கிழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டு வேர்ப்பகுதியைக் காயவைக்கும். முதல் ஜோடி நிஜ இலை விரிந்ததும் நடவேண்டும். தொட்டிக்குள்ளேயே கொடி வீசி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் வரை வைத்திருந்தால் பிரிக்கும்போது ஒடியும். நடுவதற்கு முன் ஒரு வாரம் பகலில் வெளியே வைத்துப் பழக்குங்கள்.

அப்புறம் ஒன்று, எந்த வருடமும் விதை முழுவதையும் மண்ணில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு காற்றுப்புகாத புட்டியில் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். ஒரு ரகம் இல்லாமல் போக ஒரு மோசமான பருவம் போதும்.

பாத்திகட்டி:

மேலே சொன்னதெல்லாம் சரி, நான் பாத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மண்ணைச் சூடாக்க எல்லோரும் கறுப்பு பிளாஸ்டிக் விரிக்கச் சொல்வார்கள். வெயில் அடித்தால் அது நல்லது, ஆனால் வாரம் முழுக்க மேகமாக இருந்தால் அதனால் கிடைக்கும் சூடு அற்பம். மழையைத் தடுப்பது அதைவிட முக்கியம். நீர் தேங்கிய மண்ணைச் சூடாக்க அதிக வெப்பம் வேண்டும், காய்ந்த மண் கொஞ்ச வெயிலிலேயே சூடேறும். அதனால் வளைவுக் குச்சிகள் நட்டு அதன் மேல் ஒளி புகும் பாலித்தீன் தாளை இழுத்துக் கட்டி, பாத்தியை ஒரு வாரம் பத்து நாள் நனையாமல் வையுங்கள், இரண்டு முனையையும் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். மேட்டுப்பாத்தி என்றால் இன்னும் நல்லது, ஒரு ஜாண் உயரம் இருந்தாலே தண்ணீர் வடிந்துவிடும். களிமண்ணாக இருந்தால் ஈரத்தில் மிதிக்கவே கூடாது. வைக்கோல் மூடாக்கை இப்போது விலக்கிவையுங்கள், அது மண்ணைக் குளிராக வைத்திருக்கும், ஓடில்லா நத்தைகளுக்கும் அதுதான் வீடு. மண் நன்றாகச் சூடேறிய பிறகு திரும்பப் போட்டால் போதும்.

உங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு வசந்தமும் இப்படித்தான் என்றால், ஒரு பக்கம் ஸ்கார்லெட் ரன்னர் பீன்ஸும் வைத்துப் பாருங்கள். அது வேறு இனம், குளிர்ந்த மண்ணை இதைவிட நன்றாகத் தாங்கும். வித்திலைகள் மண்ணுக்கு அடியிலேயே தங்கிவிடுவதால் மேலே நுனி போனாலும் கீழிருந்து துளிர்க்கும். ஆனால் அதில் ரகம் கலந்துவிடும், வண்டுகளும் தேனீக்களும் நன்றாகவே மகரந்தம் மாற்றும், அதனால் விதைக்கு என்றால் ஒரே ஒரு ரன்னர் ரகம் மட்டும் போடுங்கள்.

கொடிப்பந்தல்:

நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வெப்பமானி காலையில் 12 காட்டுகிறது, எனவே மேலே தாள் கட்டிவிட்டேன், வெள்ளை விதையில் பாதியைக் காகிதத்தில் சுருட்டி வைத்தாயிற்று. இன்னும் இரண்டு சந்தேகம். தப்பித்த கறுப்புச் செடிகள் மஞ்சளாக நிற்கின்றன, உரம் வைக்கலாமா? அப்புறம் இந்தக் குளிரைத் தாண்டி வந்த செடிகளிலிருந்து மட்டும் விதை எடுத்தால், அடுத்தடுத்த வருடங்களில் குளிர் தாங்கும் ரகமாக மாறுமா?

விதைப்பெட்டி:

மஞ்சளுக்கு அவசரப்படாதீர்கள். குளிர்ந்த, நீர் தேங்கிய மண்ணில் வேர் முடிச்சு உருவாகத் தாமதமாகும், அந்த முடிச்சுக்குள் இருந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா வேலையைத் தொடங்கும் வரை இலை வெளிறித்தான் இருக்கும். மண் சூடேறினால் தானாகப் பச்சைக்கு வரும். நிறைய நைட்ரஜன் உரம் கொடுத்தால் செடி முடிச்சு போடுவதையே குறைத்துக்கொள்ளும், இலை மண்டும், காய் குறையும். நன்கு மட்கிய உரம் ஒரு பிடி தூரில் போட்டால் போதும்.

தேர்ந்தெடுப்பது நல்ல யோசனை, பழைய ரகங்கள் அந்தந்த இடத்துக்கு ஏற்றதாக ஆனதே இப்படித்தான். ஆனால் பிழைத்த நாலைந்து செடியை மட்டும் நம்பினால் ரகத்துக்குள் இருக்கும் வேறுபாடுகள் போய்விடும், சிலது வெறும் அதிர்ஷ்டத்தில் கொஞ்சம் உலர்ந்த இடத்தில் விழுந்து பிழைத்ததாகவும் இருக்கலாம். வீட்டுக்குள் முளைகட்டியவற்றையும் சேர்த்து இருபது செடியாவது விதைக்கு விடுங்கள், குளிரில் வந்தவற்றின் விதையைத் தனிப் புட்டியில் பெயர் எழுதி வையுங்கள். சாதாரண பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் இரண்டு ரகத்துக்கும் நடுவே சில மீட்டர் இடைவெளி விட்டால் போதும், நடுவில் உயரமான வேறு பயிர் இருந்தால் இன்னும் நிம்மதி.

ஈரப் பருவத்தில் உண்மையான கவலை நோய். ஆந்த்ரக்னோஸ் என்ற பூஞ்சை நோய் விதை வழியாகவே அடுத்த வருடத்துக்கு வரும், குளிரும் ஈரமும் அதற்குப் பிடித்தமானவை. காயில் குழிந்த கரும்புள்ளி, ஓரத்தில் செம்பழுப்பு வளையம் தெரிந்தால் அந்தச் செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள், எவ்வளவு அரியதாக இருந்தாலும். இலை நனைந்திருக்கும்போது பந்தலுக்குள் போய்ச் செடியைத் தொடவும் வேண்டாம், கையிலும் துணியிலும் ஒட்டி வரிசை முழுக்கப் பரவும்.

மண்வாசம்:

நாள் போதுமா என்று முதலில் கேட்டதற்குப் பதில் விட்டுப்போயிற்று. கொடி பீன்ஸ் காய் பறிக்க சுமார் 60 முதல் 70 நாள், விதை முற்றிக் காய அதற்கு மேல் ஆறு வாரம் வரை பிடிக்கும். குளிரில் விதைத்தது தேங்கியே நிற்பதால், இரண்டு வாரம் தாமதமாகச் சூடான மண்ணில் போட்டது பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடும். விதைக்கு விடும் செடிகளில் முதலில் வரும் காய்களைச் சமையலுக்குப் பறிக்காமல் விதைக்கே விடுங்கள், கடைசியில் வருவதைச் சமையுங்கள். பருவ முடிவிலும் மழை பிடித்தால், காய் மஞ்சளாகித் தோல் சுருங்கத் தொடங்கியதும் கொடியை வேரோடு பிடுங்கிக் கூரைக்கு அடியில் காற்றோட்டமாகத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், உள்ளே விதை முற்றிவிடும். நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் புட்டி, அதற்கு முன் மூடினால் பூசணம் பிடிக்கும்.

வெள்ளையில் எத்தனை முளைத்தது என்று வந்து எழுதுங்கள். கறுப்பு விதையில் கொஞ்சம் கூடுதலாக எடுத்து நம்பிக்கையான இரண்டு பேரிடமும் கொடுத்து வையுங்கள்.