வழிகாட்டும் மாணவர்களை எப்படிப் பழக்குவது?

வணக்கம். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் 28 பேருக்கு வாரம் ஒரு பீரியட் நாடகம் எடுக்கிறேன். வசன மனப்பாடம் கிடையாது, உடலசைவும் கதைசொல்லலும்தான். அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலினின் கண்ணாடி விளையாட்டில் தொடங்கினோம்: இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் அசைய, மற்றவர் அவருடைய பிம்பமாக வேண்டும்.

போன வாரம், வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி இல்லாத குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தண்ணீர் தளும்பியதும் நின்றாள். மூச்சைப் பிடித்து, குடத்தைச் சரிசெய்து, மறுபடி நடந்தாள். மொத்த வகுப்பும் அவளுடைய இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

சிக்கல் என்னவென்றால், உதவிக்கு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் "இப்படி நில்லு, இப்படிச் சொல்லு" என்று நடித்தே காட்டிவிடுகிறார்கள். ஆசையாகத்தான் செய்கிறார்கள், பாவம். ஆனால் சின்னவர்கள் அதை அப்படியே திருப்பிச் செய்கிறார்கள். அந்தச் சிறுமியும் மறுபடி ஒதுங்கிவிட்டாள்.

பிரிட்டிஷ் நாடகக் கல்வியாளர் டோரத்தி ஹீத்கோட் செய்ததுபோல், தானும் ஒரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து கேள்வி கேட்கும் முறையை இவர்களுக்குப் பழக்கலாமா? 14 வயதில் அது கைகூடுமா? பள்ளியில் நாடகம் எடுப்பவர்கள், நீங்கள் செய்துபார்த்ததைச் சொல்லுங்களேன். ஆண்டுவிழா ஸ்கிரிப்ட் வேண்டாம், பயிற்சிகள்தான் வேண்டும். அடுத்த வகுப்பு வியாழக்கிழமை.