லேப்டாப் ஆடியோவை எஃப்எம் டிரான்ஸ்மிட்டரில் கொடுத்தால் பாடகர் குரல் மட்டும் காணவில்லை

கேள்வி:
டிரான்ஸ்மிட்டரில் இடது, வலது என இரண்டு எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் ஆடியோ பிளக்) இன்புட், தனியாக எம்பிஎக்ஸ் (இடது, வலது சேர்த்துத் தயாரான முழு ஸ்டீரியோ சிக்னல்) பிஎன்சி சாக்கெட் ஒன்று. லேப்டாப்பின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஒற்றை எக்ஸ்எல்ஆர் கேபிளை இடது இன்புட்டில் செருகி மோனோவில் ஓட்டுகிறேன். வாத்தியங்கள் கேட்கின்றன, குரல் அநேகமாக இல்லை. சார்ஜர் போட்டால் ரீங்காரம் வேறு.

பதில் 1:
கேபிள்தான் காரணம். அதில் இடது சிக்னல் பின் 2-க்கும் வலது பின் 3-க்கும் போகிறது. பேலன்ஸ்டு இன்புட் இந்த இரண்டின் வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். குரல் இரு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் கழிந்துபோகிறது. இடது, வலது இரண்டிலும் தலா 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, மறுமுனைகளைச் சேர்த்து பின் 2-க்குக் கொடுங்கள். பின் 3-ஐ பின் 1-உடன் இணைத்து அங்கே ஷீல்டு. ரெசிஸ்டர் இல்லாமல் நேராக முறுக்கிவிடாதீர்கள். இரண்டு அவுட்புட்டும் ஒன்றையொன்று இழுத்து ஒலி சிதையும்.

பதில் 2:
ரீங்காரம் கிரவுண்ட் லூப் (இரு சாதனங்களின் கிரவுண்டுகளுக்கு இடையே கேபிள் வழியே ஓடும் கரண்ட்). நடுவே 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வையுங்கள், இரு பக்க கிரவுண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மிகச் சிறிய டிரான்ஸ்பார்மர் என்றால் பேஸ் ஒலியில் திணறும். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து, அந்தப் பக்கமே போகாதீர்கள். டிஐ பாக்ஸும் (வாத்தியங்களை மைக் இன்புட்டில் இணைக்கும் பெட்டி) வேண்டாம்: அது மைக் லெவலுக்குக் குறைத்துவிடும், பிறகு ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். ஆர்எஃப் (டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் ரேடியோ அலை) பவரை நிறுத்தியதும் சத்தம் போய்விட்டால் அது லூப் அல்ல, ஆடியோ கேபிளில் ஆர்எஃப் நுழைகிறது. இன்புட் அருகே ஃபெரைட் கிளாம்ப் (கேபிளைச் சுற்றி மாட்டும் காந்தப் பொருள் வளையம்) மாட்டிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்சர் அவுட்புட்டை எம்பிஎக்ஸில் நேராகக் கொடுக்கலாமா?

பதில் 3:
கூடாது. அது ஸ்டீரியோ என்கோடரின் அவுட்புட்டுக்கு. 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் (ஸ்டீரியோ என்று ரேடியோவுக்குக் காட்டும் டோன்), ப்ரீ-எம்ஃபஸிஸ் (உயர் அதிர்வெண்களை முன்கூட்டியே ஏற்றுவது) எல்லாம் அங்கேயே சேர்ந்து வர வேண்டும். மிக்சரை எக்ஸ்எல்ஆரிலேயே கொடுங்கள். அதன் +4 டிபியு (தொழில்முறை லெவல்) என்பது 1.23 வோல்ட், -10 டிபிவி (வீட்டு ஆடியோ லெவல்) சாதனம் தருவது 0.316 வோல்ட்தான், கிட்டத்தட்ட 12 டிபி குறைவு. அதனால் லேப்டாப்பையும் மிக்சர் வழியாக அனுப்புவதே நல்லது. 400 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, உச்ச லெவலில் டீவியேஷன் (ஒலிக்கேற்ப கேரியர் அதிர்வெண் விலகும் அளவு) 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாதபடி இன்புட் கெயினை வையுங்கள்.

ஆடியோ ப்ராசஸர் இருந்தால் ப்ரீ-எம்ஃபஸிஸ் ஏதாவது ஓரிடத்தில் மட்டும் ஆன். ப்ரீ-எம்ஃபஸிஸ் 50 மைக்ரோசெகண்ட் அமைப்பில் இருந்தால் 10 கிலோஹெர்ட்ஸ் சுமார் 10 டிபி ஏறும், 75-இல் கிட்டத்தட்ட 14. இரண்டு இடத்திலும் போட்டால் ஒவ்வொரு 'ஸ'வுக்கும் டீவியேஷன் எகிறும்.