யூசுப் வலீமா (திருமண விருந்து): குடும்பக் குழு

சலீம்: அஸ்ஸலாமு அலைக்கும். சமையல்காரர் நாளைக் காலைக்குள் பதில் கேட்கிறார். தனித்தனித் தட்டா, நான்கு பேருக்கு ஒரு பெரிய தட்டா?

ஆயிஷா ராத்தா: வ அலைக்கும் ஸலாம். தனித்தட்டு.

யூசுப்: தனித்தட்டு.

ஹமீது மாமா: வ அலைக்கும் ஸலாம். அவசரப்படாதீர்கள். "சாப்பிடுகிறோம், ஆனால் வயிறு நிறையவில்லை" என்று தோழர்கள் முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள், "நீங்கள் தனித்தனியாக உண்கிறீர்கள் போலும்" என்றார்கள். சேர்ந்து உண்ணுங்கள், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லுங்கள், பரக்கத் (இறையருள் வளம்) கிடைக்கும் என்றார்கள். அபூதாவூத் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. இருவர் உணவு மூவருக்குப் போதும், மூவர் உணவு நால்வருக்குப் போதும் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு எட்டியதா, மிச்சம் இருக்கிறதா என்று கண் தானாகப் பார்க்கும். தனித்தட்டில் அந்தக் கவனம் போய்விடுகிறது.

நூருல்: மாமா, சேர்ந்து உண்டாலும் தனித்தனியாக உண்டாலும் குற்றமில்லை என்று குர்ஆனிலேயே இருக்கிறதே. 24:61.

ஹமீது மாமா: குற்றம் என்று நான் எங்கே சொன்னேன் நூருல்? எது நல்லது என்று சொல்கிறேன்.

ஜமீலா மாமி: சலீம், எனக்கு நாற்காலி வேண்டும். முழங்கால் மடங்காது.

ரஹீம் காக்கா: தரையில் உட்காருவதுதான் சுன்னத், நபிவழி. நபியவர்கள் உயர்ந்த மேசையில் வைத்து உண்டதே இல்லை என்று நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

ஜமீலா மாமி: என் முழங்காலிடம் சொல்லுங்கள் தம்பி.

ஆயிஷா ராத்தா: 😂

ஹமீது மாமா: ரஹீம் சொன்ன செய்தி சரி. ஆனால் அவர்கள் மேசையில் உண்ணவில்லை என்பது வேறு, மேசையைத் தடுத்தார்கள் என்பது வேறு. "நான் சாய்ந்துகொண்டு உண்பதில்லை" என்று தம்மைப் பற்றிச் சொன்னார்கள். உணவின் முன் அடக்கம் வேண்டும் என்பதுதான் விஷயம். ஜமீலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

சலீம்: சரி, பெரியவர்களுக்கு மேசை, மற்றவர்களுக்குத் தரை என்று சொல்லட்டுமா? தட்டு?

சுமையா: பொதுத் தட்டு என்றால் ஹனாவை நான் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

ஆயிஷா ராத்தா: ஏன்?

சுமையா: போன பெருநாளில் எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்து இழுத்தது போதும். அன்று முழுவதும் அவள் எதுவும் சாப்பிடவில்லை.

ரஹீம் காக்கா: இடக்கையால் சாப்பிட்டாள். நல்லதற்குத்தான் சொன்னேன்.

சுமையா: சொல்லவில்லை. இழுத்தீர்கள்.

ரஹீம் காக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஹமீது மாமா: இருவரும் பொறுங்கள். நபியவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன் உமர் சிறு வயதில் நபியவர்களின் பராமரிப்பில் வளர்ந்தார். உண்ணும்போது அவர் கை தட்டு முழுவதும் ஓடும். நபியவர்கள் சொன்னது இவ்வளவுதான்: "சிறுவனே, அல்லாஹ்வின் பெயரைச் சொல். உன் வலக்கையால் உண். உனக்கு அருகில் இருப்பதிலிருந்து உண்." தட்டை விலக்கவில்லை, அவரை எழுப்பிவிடவில்லை, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சொன்னார்கள். பெரியவரான பின் அவர், "அதன் பிறகு நான் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது" என்கிறார். வலக்கை என்ற சட்டத்தை எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதைச் சொன்ன விதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வலக்கையைப் பயன்படுத்த முடியாத காரணம் இருந்தால் இடக்கைக்குத் தடையில்லை என்று அறிஞர்களும் எழுதியிருக்கிறார்கள். ஹனா என் பக்கத்தில் உட்காரட்டும்.

சுமையா: அவள் இப்போது வலக்கையில்தான் சாப்பிடுகிறாள் மாமா. சில நேரம் மறந்துவிடுகிறாள்.

ஜமீலா மாமி: குழந்தைதானே. பிஸ்மில்லாஹ் மறந்தால் பெரியவர்களுக்கே "பிஸ்மில்லாஹி அவ்வலஹு வ ஆகிரஹு" என்று இடையில் சொல்லிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள்.

யூசுப்: புகைப்படக்காரர் சாப்பாட்டுப் பந்தியையும் எடுக்கட்டுமா என்று கேட்கிறார்.

ஆயிஷா ராத்தா: வேண்டவே வேண்டாம். சலீம் வலீமாவில் வாய் நிறையக் கவளத்தோடு என்னை எடுத்தது இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது.

சலீம்: அதுதான் ராத்தா அந்த ஆல்பத்திலேயே நல்ல படம்.

நூருல்: கைபேசியையும் பந்திக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். திரையைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு உண்டோம் என்பதே தெரிவதில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு பானத்துக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற ஹதீஸைப் பின்பற்ற வேண்டுமானால் முதலில் தட்டைப் பார்க்க வேண்டும்.

யூசுப்: என் நண்பர்கள் கேட்க மாட்டார்கள்.

நூருல்: நீ சொல்லிப் பார். இன்னொன்று, சலீம் காக்கா: முதலில் குறைவாகப் பரிமாறச் சொல்லுங்கள், கேட்டால் மறுபடி வைக்கலாம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையின்படி 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். கீழே விழுந்த கவளத்தையும் தூசி தட்டி உண்ணச் சொன்ன மார்க்கம் இது. உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்று தெரியாது என்பதால் தட்டை வழித்து உண்ணச் சொன்ன மார்க்கம். நம் விருந்து முடிந்த பின் தொட்டியைப் பார்த்தால் அழுகை வருகிறது.

ரஹீம் காக்கா: குறைவாக வைத்தால் விருந்தினர் என்ன நினைப்பார்கள்? பெயர் கெடும்.

ஹமீது மாமா: நூருல் சொல்வது சரி. பரிமாறுகிறவர்களையும் மறக்காதீர்கள். சமைத்துக் கொண்டுவந்த பணியாளரை உங்களோடு உட்காரவையுங்கள், முடியாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள், சூட்டையும் உழைப்பையும் தாங்கியவர் அவரே என்று புகாரியில் இருக்கிறது. எல்லாரும் போன பின் அடிப்பாத்திரத்தைச் சுரண்டி அவர்களுக்குக் கொடுப்பது அந்த ஹதீஸுக்கு நேர் எதிரானது.

சலீம்: அவர்களுக்கு முதல் பந்தியிலேயே தனியாக எடுத்துவைக்கச் சொல்கிறேன்.

ஜமீலா மாமி: மைமூன் வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டதா?

ஜமீலா மாமி: யாரும் பதில் சொல்லவில்லை.

சலீம்: பட்டியல் வாப்பா போட்டது மாமி.

ஆயிஷா ராத்தா: உன் வலீமாவிலும் அவர்களை விட்டுவிட்டோம்.

ரஹீம் காக்கா: அந்தப் பழைய கதை இப்போது எதற்கு? இடமும் நிரம்பிவிட்டது.

ஹமீது மாமா: ரஹீம், வசதியுள்ளவர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே மிகக் கெட்ட உணவு என்று புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) வழியாக வந்திருக்கிறது. வலக்கை, பிஸ்மில்லாஹ், தரை, மேசை எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு மைமூனை விட்டுவிட்டால் நாம் எந்த ஒழுங்கைக் காப்பாற்றினோம்? நால்வர் தட்டு என்கிறேனே, அவள் குடும்பம் வந்தால் ஐவராக உட்காருவோம்.

யூசுப்: நான் நேரில் போய் அழைக்கிறேன்.

சலீம்: வாப்பாவிடம் ஒரு வார்த்தை?

யூசுப்: அழைத்துவிட்டுச் சொல்கிறேன்.

ஜமீலா மாமி: அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்யட்டும்.

ஆயிஷா ராத்தா: தனியாகப் போகாதே. அஸர் தொழுகைக்குப் பின் நானும் வருகிறேன். சலீம், கார் வேண்டும்.

சலீம்: கார் ரஹீம் காக்காவிடம் இருக்கிறது.

ஆயிஷா ராத்தா: காக்கா?