குதிக்கும் சிலந்தி, தாவும் சிலந்தி, பாய்சிலந்தி: எது பொருந்தும்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் jumping spider எனப்படும் சால்ட்டிசிடே (Salticidae) குடும்பத்துச் சிலந்திகளுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும் பொதுப்பெயராகக் 'குதிக்கும் சிலந்தி', 'தாவும் சிலந்தி', 'வேட்டைச் சிலந்தி' ஆகிய மூன்றும் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. நான் 'பாய்சிலந்தி' என்ற சொல்லை முன்மொழிகிறேன். சிலந்திகளிலேயே மிகப் பெரியதும் 6000க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டதுமான ஒரு குடும்பத்துக்குப் பெயர் வைக்கும்போது, ஆங்கிலப் பெயரில் உள்ள வினையைப் பெயர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த உயிர் செய்கிற செயலைத் தமிழ் எந்த வினையால் சொல்லும் என்று பார்ப்பதே முறை.

கிணற்றில் குதிக்கிறோம், திண்ணையிலிருந்து குதிக்கிறோம், மகிழ்ச்சி வந்தால் நின்ற இடத்திலேயே குதிக்கிறோம். மேலெழுவதும் கீழிறங்குவதுமே அந்தச் சொல்லில் முதன்மை. குரங்கு கிளைக்குக் கிளை தாவுகிறது. அங்கே நோக்கம் இடம் மாறுவது. பாய்தலுக்கு மட்டுமே ஓர் இலக்கு வேண்டும். 'புலி பதுங்குவது பாய்வதற்கே' என்று சொல்லும்போது பார்த்தல், பதுங்கல், பாய்தல் மூன்றும் ஒரே தொடர்ச்சியாகிவிடுகின்றன. வலை பின்னி இரைக்குக் காத்திராத இந்தச் சிலந்திகளின் வாழ்க்கை பெரும்பாலும் இந்தத் தொடர்ச்சிதான்.

என் வீட்டுச் சன்னலோரச் சுவரில் வசிக்கும் ஓர் ஆண் பிளெக்சிப்பஸ் பேகுல்லியைப் பல நாள் கவனித்திருக்கிறேன். கறுத்த முதுகின் நடுவே வெண்பட்டை ஓடும் சிலந்தி அது. ஈ வந்து உட்கார்ந்ததும் அது உடனே ஓடுவதில்லை. முதலில் உடல் முழுவதையும் சட்டென்று திருப்பி, முன்கண்கள் இரண்டும் ஈயை நேராகப் பார்க்கும்படி நிற்கிறது. பிறகு நாலைந்து அடி வேகமாக வைத்து நிற்கிறது. ஈ இறக்கையைத் துடைத்தால் இன்னும் இரண்டடி. ஒரு விரற்கடை தூரம் வந்ததும் வயிற்றின் நுனியைச் சுவரில் ஒற்றி இழையை ஒட்டிவைக்கிறது. அதற்குப் பின்புதான் பாய்ச்சல். குறி தப்பினால் தரையில் விழாமல் அந்த இழையில் தொங்கி, மறுபடியும் சுவருக்கே ஏறிவிடுகிறது. இதைப் பார்த்தவர் எவரும் 'குதித்தது' என்று சொல்லி அமைய மாட்டார்.

இந்தப் பாய்ச்சலுக்கு அடிப்படை பார்வை. எட்டுக் கண்களில் முன்னால் நடுவில் உள்ள பெரிய இரண்டும் குழாய் போல உள்நோக்கி நீண்டவை. வில்லை அசையாமல் நிற்க, உள்ளே விழித்திரை மட்டும் தசைகளால் நகர்ந்து காட்சியைத் துருவிப் பார்க்கிறது. மற்ற ஆறு கண்கள் அசைவைக் கண்டு சொல்ல, அசைந்தது இன்னதென்று இந்தப் பெரிய கண்கள் அறிகின்றன. ஹசாரியஸ் அடன்சோனி என்ற இனத்தை ஆராய்ந்த ஜப்பானிய அறிவியலாளர்கள், விழித்திரையின் வெவ்வேறு அடுக்குகளில் விழும் பிம்பத்தின் தெளிவு வேறுபாட்டைக் கொண்டே அது தொலைவை அளக்கிறது என்று 2012இல் காட்டினார்கள். பச்சை ஒளியில் சரியாகப் பாய்ந்த சிலந்தி, சிவப்பு ஒளியில் இரைக்கு முன்பாகவே விழுந்தது. தொலைவை அளந்து இலக்கில் விழுவது பாய்தலின் இலக்கணம்; குதிப்பதற்கு அது தேவையில்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. சிலந்தியின் கால்களில் முக்கிய மூட்டுகளை மடக்கத் தசை இருக்கிறது. நீட்டத் தசை இல்லை. உடல்திரவம் அழுத்தத்தோடு காலுக்குள் பாய்வதால்தான் மடங்கிய பின்கால்கள் விருட்டென்று நிமிர்கின்றன. நீரும் பாயும், புலியும் பாயும் என்ற தமிழின் ஒரே சொல், இங்கே காரணத்தையும் காரியத்தையும் சேர்த்தே குறிக்கிறது. சொல்லைத் தேர்ந்தெடுக்க இதை ஒரு வாதமாக வைக்க மாட்டேன், ஆனால் கவனித்தபோது மனம் நிறைந்தது.

எல்லா இனங்களும் பாய்வதில்லையே என்ற மறுப்பு நியாயமானது. முசுறு எறும்பைப் போலவே தோன்றும் மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டிஸ், முன்கால்களை உணர்கொம்புகளாகத் தூக்கிக்கொண்டு எறும்பு நடையே நடக்கிறது. இலங்கையிலும் காணப்படும் போர்ஷியா லாபியாட்டா, பிற சிலந்திகளின் வலையோரத்தில் நின்று இழைகளை மீட்டி, இரை சிக்கியதாக எண்ணி வரும் வலைக்காரியையே பிடித்துத் தின்கிறது. அதன் நடை காய்ந்த இலைத்துணுக்கு காற்றில் ஆடுவது போல் மெதுவானது. ஆனால் இவை குதிப்பதையும் தாவுவதையும் விடப் பாய்வதைக் குறைவாகச் செய்கின்றன என்று சொல்ல முடியாது. ஆகவே இந்த மறுப்பு மூன்று வினைகளுக்கும் பொது. 'வேட்டைச் சிலந்தி' என்பதற்கோ இதைவிடப் பெரிய தடை இருக்கிறது. மெக்சிகோவிலும் கோஸ்டாரிக்காவிலும் வாழும் பகீரா கிப்ளிங்கி, வேல மர இலை நுனிகளில் விளையும் சத்துமணிகளையே பெரும்பாலும் தின்று வாழ்கிறது. மேலும், வேட்டையாடும் சிலந்திகள் வேறு பல குடும்பங்களிலும் உள்ளன.

'பாய்' என்பது படுக்கும் பாயையும் குறிக்குமே என்று ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு விடை சொற்புணர்ச்சியில் இருக்கிறது. பாய் பெயர்ச்சொல்லானால் பாய்க்கடை என்பதுபோல் ஒற்று மிகும். பாய்சிலந்தி என்பதோ ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. அங்கே ஒற்று மிகாது. வினைத்தொகை முக்காலத்துக்கும் பொருந்துவதால், சுவரில் சும்மா அமர்ந்திருக்கும் சிலந்திக்கும் அந்தப் பெயர் நெருடாது. 'பாய்சிலந்திக் குடும்பம்', 'எறும்புப்போலிப் பாய்சிலந்தி' என்று சொல்லை நீட்டவும் எளிது. நடத்தையை விவரிக்கும் கட்டுரைகளில் இரை மேல் விழுவதைப் 'பாய்ச்சல்' என்றும், இடைவெளியைக் கடப்பதைத் 'தாவல்' என்றும் பிரித்து எழுதலாம். அதனால் தாவும் சிலந்தி என்று முன்மொழிந்தவர்களின் சொல்லும் வீணாகாது.

ஈயைப் பிடித்துத் தின்னும் சிலந்திக்கு 'ஈப்புலி' என்ற பழைய சொல் நம் அகராதிகளில் இருக்கிறது. அதை முழுக் குடும்பத்துக்கும் விரித்தால் மேலே சொன்ன போர்ஷியாவும் பகீராவும் அதற்குள் அடங்கமாட்டா. எனவே பாய்சிலந்தியைக் குடும்பப் பெயராகவும், ஈப்புலியை வீட்டுச் சுவர்களில் வாழும் பிளெக்சிப்பஸ் போன்றவற்றுக்கு வழக்குப் பெயராகவும் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. ஏற்றுக்கொண்டால், மெய்ப்புத் திருத்துவோர் பழக்கத்தில் இடையே 'ச்' சேர்த்துவிடாதபடி ஒரு குறிப்பையும் பட்டியலில் இட வேண்டுகிறேன்.